மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் என்ன?

முகூர்த்த மாதங்களில் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்குக் கல்யாணத்திற்கு வந்து லாட்ஜில் தங்காத குடும்பம் நம்மிடையே அரிது. சித்திரைத் திருவிழா நாட்களில் கேட்கவே வேண்டாம். அறை கிடைத்ததே பெரிது என்று சாவியை வாங்கிக்கொள்கிறோம். விடிந்து பார்த்தால் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்புகள். "கொசுவாக இருக்கும்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். கொசு இப்படி வரிசை பிடித்துக் கடிக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். அறை எடுத்துக் கொடுத்தவர்களோ பெண் வீட்டார். குறை சொன்னால் அவர்கள் மனம் நோகுமே! ஆகவே வாய் திறவாமல் புறப்பட்டுவிடுகிறோம். அன்று மாலையே வேறொரு தாய் தன் குழந்தையை அதே மெத்தையில் படுக்க வைக்கிறாள்.

இந்த மரியாதை யாருக்கு மரியாதை? நமக்கு இது சம்மதமில்லை.

மூட்டைப்பூச்சி ஏழை வீட்டுப் பூச்சி என்ற எண்ணமும் நம் வாயை அடைக்கிறது. கடித்த தடிப்பைக் கண்டால் வகுப்பில் தோழி தள்ளி உட்காருவாளோ என்று மறைக்கிறோம். 2023-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரமே இப்பூச்சியால் அல்லோலகல்லோலப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்தோமே! அதற்கு வேண்டியது மனித இரத்தம். நம் உடற்சூட்டையும் மூச்சையும் கண்டு இரவில் வருகிறது. பணக்காரர், ஏழை என்று பார்ப்பதில்லை. இது நோயைப் பரப்புவதாகத் தெரியவில்லை, தூக்கத்தைத்தான் திருடுகிறது. சாக்கடையிலிருந்து ஏறிவந்து நம் தண்ணீர்த் தம்ளரில் ஊரும் கரப்பான் பூச்சியே கிருமி சுமப்பது.

வெள்ளை விரிப்பை நம்புவதும் தவறு. மூட்டைப்பூச்சி விரிப்பில் இராது. மெத்தையின் தையல் ஓரத்திலும், கட்டிலின் மூட்டுகளிலும், தலைமாட்டுப் பலகையின் பின்னும் ஒளிந்திருக்கும். ஓரத்தைத் தூக்கினால் கருமிளகுப் பொடி தூவியது போன்ற புள்ளிகளும் காய்ந்த இரத்தக் கறைகளும் தெரியும். முன்பணம் கொடுக்குமுன் இதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பார்த்து முடியும்வரை பையைக் கட்டில்மீது வைக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு உறவினர் கல்யாணத்திற்குத் தங்கிய ஓர் இடத்தில் நாங்கள் இதைச் சொன்னபோது, "மருந்து அடித்தாயிற்றே" என்றார் மேலாளர். மருந்து மட்டும் போதாது. டி.டி.டி. மருந்துக்கும் சாகாத மூட்டைப்பூச்சிகளை 1947-லேயே ஹவாய்த் தீவின் பேர்ல் ஹார்பர் கடற்படைக் குடியிருப்பில் கண்டார்கள். நம் பாட்டிமார் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டுத் தட்டி, இடுக்குகளில் கொதிக்கும் நீரை ஊற்றினார்களே, அதில் விஷயம் இருக்கிறது. ஐம்பது டிகிரிக்கு மேற்பட்ட சூடு பட்டால் பூச்சியும் முட்டையும் சேர்ந்தே அழியும்.

மேலாளரிடம் சொல்லச் சொன்னால், நம்மில் சிலர் அறை கூட்டும் அம்மாளைப் பிடித்துத் திட்டுகிறார்கள்! மெத்தையை மாற்றுவதும் கட்டிலைப் பழுது பார்ப்பதும் அவர் கையிலா இருக்கிறது? அது முதலாளியின் பொறுப்பு. வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டிய இராணி மங்கம்மாளின் ஊர் இது; அவர் பெயரிலுள்ள சத்திரம் ரயில் நிலையத்திற்கு எதிரேயே இருக்கிறது. சத்திரத்தைச் சுத்தமாக வைத்திருப்பது அதை நடத்துபவரின் கடமை என்று 1867-ஆம் ஆண்டின் சராய்ச் சட்டமே விதித்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தங்கும் வசதியை ஒரு சேவையாகவே கணக்கிடுகிறது. காசு கொடுத்தவர் கேட்கலாம், கோபமின்றிக் கேட்கலாம். வேறு அறை தரச் சொல்லலாம். ஆனால் ஒட்டிய அறை வேண்டாம், சுவரிடுக்கு வழியே அங்கும் வந்திருக்கும்.

பெண் வீட்டாரிடமும் மெதுவாகச் சொல்லிவிடுவதே நல்லது. அடுத்த மகள் கல்யாணத்திற்கு அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள் அல்லவா? ஊர் திரும்பியதும் துணிகளை நடுவீட்டில் உதறாமல், வாசலிலேயே பிரித்து வெந்நீரில் ஊறப்போடுங்கள். பையின் மடிப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.