பாடநூலோடும் கொப்பியோடும் முடியும் வீட்டுவேலை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தரம் 6 முதல் 11 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. அது பாடநூலையும் கொப்பியையும் வைத்துக்கொண்டு பிள்ளை தனியே செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் அதை எடுத்துப் பேசவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் இடமில்லாத வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.

வீட்டுவேலையே வேண்டாம் என்போரோடு நாங்கள் உடன்படவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹரிஸ் கூப்பரும் சகாக்களும் 1987 முதல் 2003 வரையான அமெரிக்க ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுவேலைக்கும் பெறுபேற்றுக்கும் உள்ள தொடர்பு ஆரம்ப வகுப்புகளைவிட இடைநிலை வகுப்புகளில் வலுவாக இருப்பதைக் காட்டினார்கள். தானே போட்டுப் பார்க்காத பிள்ளைக்குக் கணக்கு வராது என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பீசா (PISA) என்னும் சர்வதேச மாணவர் மதிப்பீட்டின் 2012ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது. 15 வயதுப் பிள்ளைகள் வாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 5 மணித்தியாலம் வீட்டுவேலை செய்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளோ வசதி குறைந்தவர்களைவிட 1.6 மணித்தியாலம் கூடுதலாகச் செய்தார்கள். இலங்கை அந்த ஆய்வில் இல்லை. இருந்தும், அந்த இடைவெளி எப்படி வருகிறதென்று வெல்லாவெளியிலோ வவுணதீவிலோ இருக்கும் பெற்றோருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஓர் ஒப்படையை எடுத்துப் பாருங்கள். ‘இலங்கையின் ஆறுகள், படங்களுடன்’ என்று எழுதிக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வருகிறது. நகரத்துப் பிள்ளை அன்று பின்னேரமே கொமினிகேஷனில் வர்ணப் படம் எடுத்து ஒட்டிவிடும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உட்புறத்துப் பிள்ளை பஸ் பிடிக்க வேண்டும், அல்லது தகப்பனின் போனுக்கு டேட்டா போட வேண்டும். தகப்பன் வயலிலோ தோணியிலோ நின்றால் போனும் அவரோடுதான். பொழுதுபட்டால் யானைக்குப் பயந்து வெளியே இறங்காத ஊர்களும் அங்கே உண்டு. வாவியைக் கடக்க மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது பெரிய ஆறுதல்தான், ஆனாலும் பஸ் காசும் அச்சுக் காசும் இன்றும் அந்தக் குடும்பத்தின் தலையில்தான். பாடநூலை 1980 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. அதற்கு வெளியே அலையவைக்கும் ஒவ்வொரு ஒப்படையும் இலவசக் கல்விக்குள் ஒரு கட்டணத்தைக் கொண்டுவருகிறது.

சாதாரண தரத்துக்கு 9 பாடம், வேலையைக் குறைத்தால் பெறுபேறு விழும் என்பார்கள். தரம் 10, 11இல் நாளுக்கு இரண்டு பாடம், ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலம் என்று வகுப்பாசிரியர் நேரசூசி போட்டால் ஐந்து நாளில் 10 தடவை கிடைக்கும். 9 பாடமும் அடங்கி, கணிதம் இரண்டாம் முறையும் வரும். ஒரே நாளில் நான்கு ஆசிரியர்கள் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல் கொடுத்தால், பிள்ளை காலையில் மணி அடிக்குமுன் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதும். அந்த விடைக்குப் போடும் சரியால் யாருக்கும் பயனில்லை. நேரம் மிஞ்சினால் போனில்தான் இருப்பார்கள் என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. தேடி எழுதச் சொல்லும் ஒப்படைதான் பல வீடுகளில் போனைக் கையில் கொடுக்கிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பது கொப்பி திருத்த நேரமேது என்று கேட்கும் ஆசிரியரின் சுமை உண்மையானது. ஐந்து கணக்குக் கொடுத்து, பிள்ளைகள் பிழைவிட்ட படியை மறுநாள் முதல் பத்து நிமிடத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் அதுவே போதும்.

படம் ஒட்டும் ஒப்படைகளும் மாதிரியுருக்களும் பாடசாலை நேரத்திலேயே, பாடசாலைப் பொருட்களைக் கொண்டே செய்யப்பட வேண்டும். வேலை செய்யாமல் வந்த பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தாமல், முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும். மாவட்டத்தின் ஐந்து வலயக் கல்விப் பணிமனைகளும் அடுத்த தவணை தொடங்குமுன் இதைச் சுற்றறிக்கையாக அதிபர்களுக்கு அனுப்ப வேண்டும் எனக் கோருகிறோம்.