கிரைண்டரைப் பெட்டியில் கட்டும் முன் அதன் அடியைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருவர் போனில் பேசினார். மகனுக்கு அமெரிக்காவில் வேலை. "சார், நம்ம மிக்சியும் ஒரு டேபிள் டாப் கிரைண்டரும் குடுத்தனுப்பறேனுங்க. அடாப்டர் ஒண்ணு வாங்கினாப் போதுமுங்களா?" என்று கேட்டார். போதாது என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு மகளின் பிரசவத்துக்கு நானும் வீட்டம்மாவும் அமெரிக்கா போனோம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. அதில் ஒரு பெட்டியில் பாதிக் கனம் கிரைண்டர். காந்திபுரத்தில் வாங்கினோம். "அமெரிக்காவுல ஓடுமா தம்பி?" என்று கேட்டேன். "பின் மாத்தி ஒண்ணு போட்டுக்குங்க சார், ஓடும்" என்றார் கடைப்பையன். நம்பினேன்.

அங்கே போய் அரிசி ஊறவைத்து, மாற்றுப் பின் மாட்டி, சுவிட்சைப் போட்டோம். 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது, கல் சுற்றவில்லை. கையால் தள்ளிவிட்டேன். அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடியும் தள்ளினேன். "ஏனுங்க, கருகற வாசம் வருதுங்க" என்று வீட்டம்மா சொல்லி முடிப்பதற்குள் புகை. அடுத்த நொடி வீட்டுக் கூரையில் இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது. அங்கே பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டிய வீடுகள். பச்சைக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு மகள் வெளியே ஓடினாள்.

அன்று ராத்திரி மகள் கோபமில்லாமல்தான் கேட்டாள்: "ஏனுங்ப்பா, நீங்க சயின்ஸ் வாத்தியார் தானுங்க?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. வோல்ட் என்றால் என்ன, ஆம்பியர் என்றால் என்ன என்று மேல்நிலைத் தொட்டியும் குழாயும் வரைந்து எத்தனையோ வருடம் பாடம் எடுத்தவன் நான். அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். லோ வோல்டேஜில் கிணத்து மோட்டாரைப் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கும், காயில் புகைந்துவிடும், ரீவைண்டிங் கடைக்குத் தூக்க வேண்டும் என்று கொங்கு நாட்டில் எந்தத் தோட்டத்துக்காரரைக் கேட்டாலும் சொல்வார். அதே தப்பைத்தான் நான் விமானம் ஏறிப் போய்ச் செய்தேன்.

நம் ஊரில் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. வோல்டேஜ் பாதியானால் கிரைண்டர் மோட்டாரின் இழுவை பாதியாகாது, ஏறக்குறைய கால்வாசிதான் மிஞ்சும். கல் நகராது, காயில் சூடேறும். திருப்பிப் பார்த்தால் இன்னும் ஆபத்து. அங்கிருந்து பாசமாகக் கொண்டுவரும் 120 வோல்ட் ரைஸ் குக்கரையோ முடி உலர்த்தியையோ இங்கே மாட்டினால், தாங்க வேண்டியதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் சூடு கிளம்பும்.

"அப்போ டிரான்ஸ்பார்மர் வாங்கிட்டாத் தீர்ந்ததா சார்?" என்பீர்கள். பாதிதான் தீரும். ஸ்டெப் அப் டிரான்ஸ்பார்மர் 120ஐ 230 ஆக்கும். ஆனால் 60 ஹெர்ட்ஸை 50 ஆக்காது. மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், அதற்கு இது பெரிதில்லை. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அது ஹெர்ட்ஸ் கணக்கில்தான் சுற்றும், அதனால் அங்கே ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். மெதுவாக அரைத்து மாவு சூடாகாமல் இருப்பதற்குத்தானே கிரைண்டரே வாங்குகிறோம்?

டிரான்ஸ்பார்மரின் அளவையும் பார்க்க வேண்டும். 750 வாட்ஸ் மிக்சிக்கு 750 வாட்ஸ் டிரான்ஸ்பார்மர் போதாது. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். இரண்டு மடங்காவது வேண்டும். அது இரும்பும் செம்புமாக நல்ல கனம் கனக்கும். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுபோகிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2000ஐ 120ஆல் வகுத்தால் 16 ஆம்பியருக்கு மேல். அங்கே பல பிளக்குகள் 15 ஆம்பியர் லைனில் இருக்கும். பிரேக்கர் விழுந்துவிடும்.

எல்லா நாட்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய், லண்டன், ஆஸ்திரேலியா எல்லாம் நம்மைப் போலவே 230ஐ ஒட்டியது, 50 ஹெர்ட்ஸ். அங்கே பின் மாற்றினால் போதும், எர்த் உள்ள மூன்று பின்னாக இருக்கட்டும். ஈரக் கையோடு தொடுகிற சாமான் அல்லவா? சவுதியில் வோல்டேஜ் ஒத்துப்போகும், ஹெர்ட்ஸ் 60. ஜப்பானில் 100 வோல்ட். அங்கே கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60! அந்தக் காலத்தில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் வினை அது. செல்போன், லேப்டாப் சார்ஜர்களுக்கு டிரான்ஸ்பார்மரே வேண்டாம். பெரும்பாலும் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அதிலேயே போட்டிருக்கும்.

என் கருத்து இதுதான். புதிதாக வாங்குபவர்கள் அமெரிக்காவுக்கு 230 வோல்ட் கிரைண்டரையும் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துச் சுமக்காதீர்கள். 1955இல் வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்த சபாபதி நம் கோவைக்காரர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடே வாங்கிய ஊர் இது. இங்கேயே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாடல் செய்து அனுப்புகிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். "விலை கூட, ஊருக்குத் திரும்பினா உதவாதே" என்பார்கள். டிரான்ஸ்பார்மர் விலையையும் சுமையையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: அந்த மாடலை இங்கே வீட்டில் மாட்டிச் சோதிக்கக் கூடாது. கடைக்காரரையே அதற்குரிய டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் நல்ல மிக்சிக்கு மட்டும் டிரான்ஸ்பார்மர் வாங்குவது நியாயம்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பில் போடும் முன் "எந்த நாட்டுக்குங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னும் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். மின்சாரப் பாடம் நடத்தும் அன்று வீட்டு மிக்சியைக் கொண்டுபோய்த் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட்ஸை ஒவ்வொரு பிள்ளையையும் படிக்க வையுங்கள். நான் அதை ஒரு நாளும் செய்யவில்லை. பரீட்சைக்குத்தான் நடத்தினேன். அந்தப் பாடத்தை எனக்கு என் மகள் வீட்டுப் புகை அலாரம் நடத்தியது.

மாணவியின் மகன் 110 வோல்ட் கிரைண்டரோடு போகிறான். உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள், நாலு பேருக்கு உதவும்.