ஓய்வுநாள் சனியா, ஞாயிறா?



கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளைச் சனியன்று ஆசரிப்பதா, ஞாயிறன்றா என்ற விவாதத்தைப் படித்தேன். சனிக்கிழமை ஆசரிப்பை 'அமெரிக்கச் சரக்கு' என்று ஒதுக்குவது சரியல்ல. நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம், ஆங்கிலேய மிஷனரிகளோடு முரண்பட்டு 1857-இல் தனிச்சபை கண்டார். அங்கே சனிக்கிழமைதான் ஓய்வுநாள். சனிக்கிழமையை ஆசரிக்கும் அமெரிக்கச் சபையான ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையின் மிஷனரி ஜேம்ஸ் அந்தப் பக்கம் வந்ததே 1908-இல்தான். மறுபக்கம், ஞாயிறு ஓய்வை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321-இல் சட்டமாக்கினார் என்பது உண்மை. ஆனால் கிறிஸ்து உயிர்த்த நாளென்று ஞாயிறன்று கூடும் வழக்கம் அதற்கும் முந்தையது.

திருவாண்டார்கோயில் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் எங்களுக்கு வார லீவு முறைவைத்து வரும். ஞாயிறு காலை ஆராதனை மணி அடிக்கும்போது, டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். அன்று நான் பாவியா?

நாட்களைக் குறித்து ஒருவரையொருவர் குற்றப்படுத்த வேண்டாம் என்றுதான் பவுல் ரோமருக்கும் கொலோசெயருக்கும் எழுதினார். யாத்திராகமக் கட்டளையோ வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும்கூட ஓய்வு கேட்கிறது. எந்தக் கிழமை என்று மல்லுக்கட்டுவதைவிட, நம் வீட்டு வேலைக்காரம்மாவுக்கு வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கிறோமா என்று கேட்டுக்கொள்வோம்.

– ஒரு வாசகர், திருவாண்டார்கோயில்