புயலுக்கு ஒரு சொல்

பனியைக் கண்டறியாத குழந்தைகள் பனி பொழிவதை வர்ணித்து எழுதினார்கள்; தங்கள் தீவைத் தாக்கும் புயலை வர்ணிக்கவோ அவர்களுக்குச் சொல் கிடைக்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டிஷ் கல்வி விளைத்த விந்தை இது!

இவ்விந்தையை எடுத்துக்காட்டியவர் கமாவ் பிராத்வெயிட் என்னும் கறுப்பினக் கவிஞர். 1930-ல் பார்படோஸில் பிறந்து, கேம்பிரிட்ஜில் சரித்திரம் பயின்றவர். 1955 முதல் சில ஆண்டுகள், பின்னர் கானாவாகிய கோல்ட் கோஸ்டில் கல்வி அதிகாரியாக இருந்தார். அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்ட மூதாதையரின் பேச்சும் தாளமும் தம் தீவில் இன்னும் உயிரோடிருப்பதை அங்கேதான் உணர்ந்தார்.

ஜமைக்காவைப் பற்றி 1971-ல் வெளியான அவரது சரித்திர நூல், அச்சமூகத்தை உருவாக்கியதில் எஜமானருக்கு மட்டுமின்றி அடிமைகளுக்கும் பங்குண்டென்று காட்டிற்று. 'சிதைந்த இங்கிலீஷ்' என்று பிறர் இகழ்ந்த ஜனங்களின் பேச்சை அவர் 'தேச பாஷை' என்று போற்றினார். அதன் ஓசையிலேயே கவி புனைந்தார். அவருடைய மூன்று கவிதை நூல்கள் 1973-ல் 'தி அரைவன்ட்ஸ்' என ஒரே தொகுதியாயின.

1988-ல் கில்பர்ட் புயல் ஜமைக்காவில் அவர் இல்லத்தைத் தாக்கி, அரிதிற் சேர்த்த நூல்களையும் ஏடுகளையும் பாழாக்கியது. ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 2020-ல் அவர் மறைந்தார்.

ஏடுகளைப் புயல் கொண்டுபோகலாம். அப்புயலைத் தன் சொல்லால் பாடக் கற்ற ஜனங்களிடமிருந்து அச்சொல்லை யார் கொண்டுபோக முடியும்?