எல்லையும் இரைச்சலும்

அட்டாரி எல்லைக்குச் சென்று திரும்பிய அன்பர் ஒருவர் தம் பயணக் கட்டுரையில், தமிழ் முஸ்லிம் இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் அங்கே சென்று உரத்த குரலில் முழக்கமிட்டு வரவேண்டும். அதனால் நம்மீது படிந்துள்ள ஐயங்கள் அகலும் என்று எழுதியிருக்கிறார். அன்பரின் நல்லெண்ணத்தில் குறை காண்பது நம் கருத்தன்று. அவர் காட்டும் வழிதான் நமக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அந்த எல்லையை நாமும் கண்டிருக்கிறோம்.

2018ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அமிர்தசரஸிலிருந்து, ஷேர்ஷா செப்பனிட்ட பழைய பெருவழியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேற்கே சென்று அட்டாரியை அடைந்தோம். இருபுறமும் பசுங்கோதுமை வயல்கள். சோதனைகள் பலவற்றைக் கடந்து அரங்கின் படிகளில் அமர்ந்தோம். ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு முழங்கிற்று. ஒருவர் ஒலிவாங்கியுடன் நின்று கூட்டத்தைத் தூண்டினார். வாகாப் பக்கத்திலும் அவ்வாறே ஒருவர். இரு தரப்பு வீரரும் காலைத் தலையளவு உயர்த்தித் தரையில் அறைந்தனர். பின்னர்க் கொடிகள் இறங்கின. ஒன்று மற்றதினும் தாழாதபடி இரு கைகள் கயிற்றை அளந்தளந்து விட்ட அந்தச் சில கணங்கள் மட்டுமே நம் மனத்துக்கு இதமாக இருந்தன.

பின்வரிசையில் இருந்த ஒருவர் நம் தொப்பியையும் தாடியையும் நோக்கிப் புன்னகையுடன், "மௌலானா ஜீ, இன்னும் சற்று உரக்க!" என்றார். தீய எண்ணம் இல்லையென்றே கொள்கிறோம். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் கூவிய அவ்விடத்தில் அளந்து பார்க்கப்பட்டது நம் தொண்டை ஒன்றுதான். அன்பர் பரிந்துரைக்கும் முறையும் இதுதானே? தொண்டையால் மெய்ப்பிக்கப்படும் நாட்டுப்பற்று, மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டால் என்னவாகும்?

நாட்டுப்பற்று ஈமானின் ஒரு பகுதி என்னும் வாசகத்தை வேறு அவர் நபிமொழியென எடுத்தாண்டிருக்கிறார். மேடைதோறும் நிகழும் பிழை இது. ஹதீஸ் கலை வல்லார் அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றுள் சேர்த்து ஒதுக்கியுள்ளனர். பிறந்த மண்ணை நேசிக்க நமக்கு இட்டுக்கட்டிய சொல் எதற்கு? மக்காவைப் பிரிய நேர்ந்தபோது பெருமானார் (ஸல்) கொண்ட துயரம் திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. அந்தத் துயரில் ஆரவாரம் ஏதுமில்லை.

அரபு மொழியில் எல்லைக்கு வழங்கும் சொற்களுள் 'தக்ர்' என்பது ஒன்று. இடைவெளி, பகைவர் புகக்கூடிய திறப்பு என்பது பொருள். முன்பற்களையும் அச்சொல்லாலேயே குறிப்பர், மொழியின் விளையாட்டு! அந்த இடைவெளியில் கண்விழித்து நிற்பதற்கு 'ரிபாத்' என்று பெயர். கட்டுதல் என்னும் வேரிற் பிறந்த சொல் அது. குதிரையைக் கட்டிவிட்டுத் தானும் அவ்விடத்தோடு கட்டுண்டு நிற்பவன் முராபித். இதன் சிறப்பை நம் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன; கூச்சல் அதன் நிபந்தனையென்று எங்கும் நாம் படித்ததில்லை. மூடுபனி இரவில் வேலியோரம் நடக்கும் காவலர் அந்தச் சொல்லுக்கு உரியவர். அவரை மனமார மதிக்கிறோம். மாலையில் அவரையே கூத்தாட வைத்துக் கைதட்டுவது எந்த வகையில் மரியாதை?

இந்தக் கோடு பிறந்த கதையேனும் அன்பருக்கு நினைவிருக்க வேண்டும். 1947 ஜூலை 8இல் முதன்முறையாக இம்மண்ணில் கால்வைத்த ராட்கிளிஃப் ஐந்தே வாரங்களில் வரைந்து முடித்தார். விடுதலைக்குப் பின், ஆகஸ்ட் 17இல் அது வெளியாயிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஊர் பெயர்ந்தனர், இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1965 செப்டம்பரில் நம் படை இச்சோகில் கால்வாய் வரை சென்றது இப்பகுதி வழியேதான். 1971 டிசம்பரில் அருகிலுள்ள புல் கஞ்சரி பறிபோய் மீட்கப்பட்டது. மடிந்தவர் நிலத்தின்மேல்தான் 1959 முதல் இந்த அந்திச் சடங்கு நடந்து வருகிறது.

அரங்கிலிருந்து தெரியாத எல்லை ஒன்றும் உண்டு. முள்வேலி எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கவில்லை. நம் பக்கம் உள்வாங்கி நிற்கிறது. அதற்கு அப்பாலும் நம் உழவர் நிலம் கிடக்கிறது. அடையாள அட்டை காட்டி, குறித்த நேரத்தில் கதவு திறந்த பின்னரே அவர்கள் தம் வயலுக்குச் செல்லலாம். குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். காவலரின் பார்வையை மறைக்கும் என்பதால் உயர்ந்து வளரும் பயிருக்குத் தடை. 2007 வரை சரக்கு மூட்டைகள் கோட்டின் இப்பக்கத்துச் சுமையாளர் தலையிலிருந்து அப்பக்கத்துச் சுமையாளர் தலைக்கு மாறின. பின்னர் லாரிகள் வந்தன. 2019இல் இருநாட்டு வணிகம் நின்றபோது அச்சுமையாளர் பிழைப்பும் போயிற்று. 1976இல் ஓடத் தொடங்கிய சம்ஜௌதா ரயிலும் அவ்வாண்டே நின்றது.

2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டது கொடும்பாதகம். அதில் நமக்கு இரண்டாம் பேச்சில்லை. அதையடுத்து அட்டாரி வாயிலில் நடந்ததையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. பாகிஸ்தான் கடவுச்சீட்டுள்ள பிள்ளைகள் போகவேண்டும்; அவர்களைப் பெற்ற தாயார் சிலரிடம் இருந்ததோ இந்தியக் கடவுச்சீட்டு. அவர்கள் வாயிலில் நிறுத்தப்பட்டு அழுதனர். மே 21இல் சடங்கு பொதுமக்களுக்காக மீண்டும் தொடங்கியபோது வாயிற்கதவு திறக்கப்படவில்லை. இரு தரப்புக் காவலரும் கைகுலுக்கவில்லை. பார்வையாளர் மட்டும் வந்து அமர்ந்தனர்.

இளைஞர் அங்கே செல்லவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. காலையில் செல்லட்டும், வேலிக்கதவு திறக்கும் நேரத்தில் அந்த உழவரோடு இரண்டு சொல் பேசட்டும். அன்பரும் அடுத்த முறை அவ்வாறு சென்று வந்து எழுதுவாராயின், இவ்விதழில் அது வெளிவர நாமே ஆசிரியரிடம் பரிந்துரைப்போம், இன்ஷா அல்லாஹ்.