பட்டாளத்தை விட்டு வருவோர் எந்த ஊரில் குடியேறுவது?

பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வரும் ஜவானின் முன் வந்து நிற்கும் முதல் கேள்வி: குடும்பத்தை எங்கே வைப்பது? சேவையில் இருந்தவரை சர்க்கார் குவார்ட்டர்ஸ் கொடுத்தது; இல்லையேல் வாடகைப்படி கொடுத்தது. டிஸ்சார்ஜ் காகிதம் கைக்கு வந்ததும் இரண்டும் நின்றுபோகின்றன. நாட்டின் எல்லை ஒவ்வொன்றையும் கண்டவர் தனக்கென்று நான்கு சுவர் தேடி ஊர் ஊராக அலைகிறார்.

சொந்தக் கிராமத்துக்கே போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். போவதற்கு அங்கே என்ன இருக்கிறது? நிலம் இருந்தவன் வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் சிப்பாயாகச் சேரவில்லை. நிலமற்றவன் வீட்டிலிருந்தும், கால் காணி அரைக் காணிக்காரன் வீட்டிலிருந்தும்தான் பட்டாளத்துக்குப் போனார்கள். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்ற ஊர் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பியதால் பேர் பெற்றது. வீரம் ஒரு காரணம் என்றால் வயல் கொடுக்காத சோறு இன்னொரு காரணம். இருந்த ஒரு வீடும் அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகிவிட்ட பிறகு, திரும்பி வருகிறவனுக்கு அங்கே இடமில்லை. சென்னையிலோ கோவையிலோ குடியேறினால் பென்ஷன் பணம் வாடகைக்கே போய்விடும். ஆகவேதான் சிறு நகரத்தைத் தேடுகிறார்கள். ஆரணி, குடியாத்தம், காரைக்குடி, உடுமலை, நாகர்கோவில் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தத் தேடலில் கணக்குதான் முதல் துணை. 15 ஆண்டு சேவை முடித்த ஜவானுக்குப் பென்ஷன் உரிமை உண்டு. பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் பாதி. அதில் பாதியைக் கம்யூட்டேஷன் செய்து மொத்தத் தொகையாக வாங்கலாம். வாங்கினால், மாதாமாதம் கைக்கு வருவது சம்பளத்தில் கால் பங்கும், முழுப் பென்ஷனுக்குக் கணக்கிட்ட பஞ்சப்படியும்தான். விற்ற பகுதி திரும்பி வர 15 ஆண்டு ஆகும். முப்பத்தைந்து வயதில் வெளியே வருகிறவருக்கு ஐம்பது வயதில்தான் முழுப் பென்ஷன் கிடைக்கும். பிள்ளைகளின் படிப்பும் பெண்ணின் கலியாணமும் பெற்றோரின் வைத்தியமும் வந்து விழுவது சரியாக இந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான்.

மொத்தத் தொகை கைக்கு வரும் நாளை ஜவானைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் மனைப் புரோக்கர். நெடுஞ்சாலை ஓரத்தில் கல் நட்டு, வர்ணம் அடித்து, ராணுவ வீரர் நகர் என்று பலகையும் எழுதி வைத்துவிடுவார். அங்கே ரோடு வராது; தண்ணீர் வராது; பஸ்ஸும் நிற்காது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று 2016-ல் சென்னை ஐக்கோர்ட்டு தடை விதிக்க வேண்டிய அளவுக்கு இந்த வியாபாரம் வளர்ந்திருந்தது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதே ஆண்டு மே மாதத்திலிருந்து மத்திய ரியல் எஸ்டேட் சட்டம் முழுமையாக அமலாயிற்று. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை அதிகாரத்திடம் பதிவு செய்யாமல் விற்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். ஆகவே பலகையை நம்ப வேண்டாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். வில்லங்கச் சான்றைப் பாருங்கள். செலவையும் முன்கூட்டியே எண்ணுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதினைந்து லட்ச ரூபாய் மனைக்கு 1,35,000 ரூபாய் பதிவிலேயே போய்விடும். வீடு கட்டிய பிறகு சொத்து வரியும் உண்டு. 2022-ல் சென்னை நீங்கலான நகரங்களில் குடியிருப்புகளுக்கான வரி பரப்புக்கு ஏற்றபடி 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றப்பட்டது.

மலிவு என்றால் என்ன? மனை விலை குறைவாக இருப்பது மட்டும் மலிவாகிவிடாது. அந்த விலை ஏன் குறைந்தது என்பதை விசாரிக்க வேண்டும். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்ட வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நொய்யலைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ல் ஐக்கோர்ட்டு உத்தரவிட்டது. நிலத்தடி நீர் கெட்ட இடத்தில் மனை மலிவாகக் கிடைக்கும். குடிதண்ணீரை ஆயுள் பூராவும் விலைக்கு வாங்க நேரிடும். லாபம் முதலாளிக்குப் போயிற்று. உப்புத் தண்ணீர் குடியேறியவன் தலையில் விடிகிறது.

இரண்டாவதாக வைத்தியம். முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. அதன் பாலிகிளினிக் எல்லா ஊரிலும் இல்லை. ராணுவ ஆஸ்பத்திரி என்றால் சென்னைக்கோ வெலிங்டனுக்கோ போக வேண்டும். ஆயிரம் ரூபாய் வாடகை மிச்சமென்று பாலிகிளினிக்குக்கு எண்பது மைல் தள்ளிக் குடியேறினால், சர்க்கரை நோய்க்கு மாதமொரு முறை மாத்திரை வாங்கப் போகும் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். கேன்டீன் சாமானுக்கும் இதே கணக்குத்தான்.

மூன்றாவதாகப் பள்ளிக்கூடம். அப்பா அசாமிலும் ராஜஸ்தானிலும் வேலை பார்த்தபோது கேந்திரிய வித்யாலயாவில் படித்த பிள்ளை தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஊர் திரும்புகிறது. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அது நியாயமான சட்டம். ஆனால் இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு அ, ஆ-விலிருந்து தொடங்கிக் கற்பிக்கும் ஆசிரியர் அந்த ஊரில் உண்டா என்று தந்தை விசாரித்தாக வேண்டும். வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஊரில் வேலை உண்டா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். கணவன் எல்லையில் இருந்த வருஷங்களில் தனியாகக் குடும்பத்தை நடத்தியவர் அவர்; ஊரைத் தீர்மானிப்பதில் அவர் சொல்லுக்குத்தான் முதலிடம்.

ஆகவே நாம் சொல்லும் யோசனை இது: முதல் ஒரு வருஷம் எதையும் வாங்காதீர்கள். வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அந்த ஊரில் கழித்தால் தண்ணீரும் சாக்கடையும் தாமே உண்மையைச் சொல்லிவிடும். 2019 பிப்ரவரி முதல் அமலிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுதுங்கள், பதிவு செய்யுங்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரர் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவு ஜாக்கிரதையாக ஊரைத் தேர்ந்தாலும் பிரச்னை தீர்ந்துவிடாது. முப்பத்தைந்து வயது மனிதன் வேலை செய்தாக வேண்டும். மத்திய சர்க்கார் வேலைகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 'சி' பிரிவில் 10 சதவீதமும் 'டி' பிரிவில் 20 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் கடைநிலை வேலைகளைக் காண்டிராக்டருக்குக் கொடுத்த பிறகு ஒதுக்கீடு எதில்? அந்த ஒதுக்கீடு தாளில் இருக்கிறது. வேலை காண்டிராக்டரிடம் இருக்கிறது. பீரங்கிப் படையில் கணக்குப் பார்த்தவரும், சிக்னல் படையில் இயந்திரம் பழுது பார்த்தவரும் கடைசியில் ஏ.டி.எம். வாசலில் பன்னிரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்காருகிறார்கள். நாடு கற்றுக்கொடுத்த தொழிலை நாடே வீணாக்குகிறது.

நேற்றைய ஜவானின் கதி இது. நாளைய ஜவானின் கதி இன்னும் மோசம். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேவை நான்கே ஆண்டு. நால்வரில் ஒருவரைத்தான் மேற்கொண்டு வைத்துக்கொள்ளலாம், மூவர் வெளியே. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை, அதனால் பாலிகிளினிக்கும் கேன்டீனும் இல்லை. கைக்கு வருவது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய். சர்க்கார் தரும் வெகுமதி போல விளம்பரம் செய்யும் இந்தத் தொகையில் ஏறத்தாழ பாதி அவனுடைய சொந்தப் பணம். மாதந்தோறும் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்துச் சேர்த்தது! 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கிய முதல் அணிக்கு 2026 முடிவோடு நான்கு ஆண்டு நிறைகிறது. இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதில் வெளியே வரும் அந்தப் பிள்ளை எந்தச் சிறு நகரத்தில் எதை நம்பிக் குடியேறுவான்? புரோக்கர் மட்டும் அவனுக்காகவும் கல் நட்டு வைத்திருப்பார்.

தமிழ்நாட்டு அரசு 2024 ஆகஸ்டில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் தொழில் தொடங்கும் முன்னாள் படைவீரருக்கு ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனில் 30 சதவீதம் மானியம் என்கிறது. வரவேற்கிறோம். ஆனால் கடன் வாங்கித் தொழில் நடத்தக்கூடியவர் சிலர். வாடகை கொடுத்துக் காலம் தள்ளுகிறவர் பலர். அந்தப் பலருக்காக நாம் கேட்பது அதிகமல்ல. வீட்டு வசதி வாரியம் சிறு நகரங்களில் நியாய வாடகைக் குடியிருப்புகளைக் கட்டட்டும். மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் மருந்தோடும் டாக்டரோடும் பாலிகிளினிக் நடக்கட்டும். ஒதுக்கீட்டு இடங்களைக் காண்டிராக்டுக்கு விடாமல் நிரப்பட்டும். நான்காண்டுச் சேவை முடித்தவனுக்கும் முன்னாள் படைவீரர் அந்தஸ்து கொடுக்கட்டும்.

பென்ஷனில் வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேறும் ஊரில் முதல் வேலையாக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதியுங்கள். இரண்டாவது வேலையாக, அதே ஊரில் உங்களைப் போலக் குடியேறியவர்களைத் தேடிச் சேருங்கள். மனை வாங்கும்போதும், வாடகை ஏறும்போதும், மருந்து இல்லையென்று திருப்பி அனுப்பும்போதும் தனியாகப் போனவர் ஏமாந்து திரும்புகிறார். பத்துப் பேராகப் போனவர்களுக்குப் பதில் கிடைக்கிறது. பட்டாளத்தில் இது உங்களுக்குத் தெரிந்த பாடம். ஊரிலும் அதுவே பாடம்.