ஃபைட்டர் மீனுக்குக் கூட்டாளி தேடும் முன்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் மாத்தளைப் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து, ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறிவிடுகின்றன. மூடுபனியையும் காற்றையும் அனுபவித்து, பிட்டவல பத்தனையில் சற்று நடந்து, இலுக்கும்புரவில் தெல்கமு ஓயாவில் கால் நனைத்து, கட்டிக்கொண்டு போன புரியாணியைச் சாப்பிட்டுத் திரும்புவது நல்ல வழக்கந்தான். ஆனால் திரும்பும்போது பிள்ளைகளின் கையிலுள்ள போத்தலைக் கொஞ்சம் பாருங்கள். அதில் இரண்டு மூன்று சின்ன மீன்கள் திணறிக்கொண்டிருக்கும். “ஊட்டுல ஃபைட்டர் தனியா ஈக்கிது உம்மா, அதுக்குக் கூட்டாளி” என்பார்கள்.

பிள்ளையின் இரக்கம் மெய்யானது; அதைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் அந்த மீன்களைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வரச் செய்யுங்கள். அந்தக் கூட்டு இரு தரப்புக்குமே ஆகாது.

ஃபைட்டர் தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் வாய்க்கால்களிலும் தோன்றிய மீன். 2019இல் அந்நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அசைவில்லாத, வெதுவெதுப்பான நீரில் பழகியது. செவுள் மட்டுமன்றி, தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பொன்றும் அதற்கு உண்டு. அடிக்கடி மேலே வந்து வாயைத் திறப்பது அதனால்தான். சுமார் 25 முதல் 28 பாகை வெப்பம் அதற்கு உகந்தது. ரிவர்ஸ்டனோ ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழே ஓடும் ஓடைகளின் மீன்கள் குளிர்ந்த, பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீரில் வளர்ந்தவை. சில இனங்கள் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்தே வாழ்பவை. அவற்றை அசையாத தொட்டியில் போட்டால் மூச்சுக்குத் தவிக்கும். அவற்றுக்காக நீரை வேகமாகச் சுழலவிட்டால், நீண்ட துடுப்புகளைச் சுமக்கும் ஃபைட்டர் அலைக்கழிந்து சோர்ந்துபோகும். ஒரே தொட்டியில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. மார்ட்டென்ஸ்டைன் கெண்டை என்று சொல்லப்படுவது 1991இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அது அம்பன் கங்கையிலும் அதில் சேரும் ஓடைகளிலும் மாத்திரம் உள்ளது. 1985இல் விவரிக்கப்பட்ட இன்னொரு கெண்டை களுகங்கைப் பகுதிக்கே உரியது. வாழிடம் இவ்வளவு குறுகியதாக இருக்கும்போது, ஒவ்வொரு விடுமுறையிலும் ஒவ்வொரு வேனும் ஒரு போத்தல் கொண்டுபோனால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காட்டுப் பகுதி 2000ஆம் ஆண்டு பாதுகாப்பு வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கிருந்து உயிரினங்களை எடுத்து வருவது சட்டப்படியும் குற்றம்.

சரி, வீட்டு ஃபைட்டருக்கு யார்தான் துணை?

முதலில் ஓர் உண்மை. ஃபைட்டர் தனியாக இருப்பதால் ஏங்கிப் போவதில்லை. ஆண் மீன் தனக்கென ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, அதற்குள் வருபவனை விரட்டும் இயல்பு கொண்டது. பத்து, பதினைந்து லீற்றர் தொட்டிதான் உங்களிடம் இருக்கிறதென்றால், அதைத் தனியாகவே விடுங்கள். அதில் குறையொன்றுமில்லை. ஜாம் போத்தலில் வைத்து மேசையை அலங்கரிப்பதைத்தான் நான் குறை சொல்வேன்.

நாற்பது லீற்றர் அளவில் தொட்டி இருந்தால், ‘கோரி’ எனப்படும் சிறு கெளுத்தி வகையில் ஐந்தாறு வாங்கலாம். அவை அடித்தளத்தில் மேயும், மேலே உலவும் ஃபைட்டரின் வழிக்கு வராது. கூட்டமாக வாழ்பவை என்பதால் ஒன்றிரண்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அடியில் கூரான கல்லுக்குப் பதில் மணல் இருக்கட்டும். அவற்றின் மீசை புண்படாது. மேலே போடும் தீனி அவற்றை எட்டாது, மூழ்கும் தீனி தனியாகப் போட வேண்டும். ஹார்லிக்குவின் ரஸ்போரா என்ற சிறுமீன்களையும் ஐந்தாறாகச் சேர்த்து வைக்கலாம். அது கோரிகளுக்குப் பதிலாகத்தான். இரண்டு கூட்டத்தையும் நாற்பது லீற்றருக்குள் திணிக்கக் கூடாது. நத்தை மிகச் சாது. சின்ன இறாலை வாங்கினால், கூட்டாளிக்குப் பதில் ஃபைட்டருக்கு இரையைத்தான் வாங்கியிருப்பீர்கள்.

கடைக்காரர் மனமுவந்து தருவது கப்பி. வேண்டாம். ஆண் கப்பியின் அகன்ற வண்ண வாலைக் கண்டதும் ஃபைட்டர் அதையும் எதிரியென்று எண்ணிப் பாயும். டைகர் பார்ப் இதற்கு நேர்மாறு. அதுதான் ஃபைட்டரின் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். குராமி ஃபைட்டரின் சொந்தக்காரன். நம் நாட்டு நீர்நிலைகளில் வாழும் தல்கொஸ்ஸாவும் அதே குடும்பந்தான். உறவுக்குள் சண்டை அதிகம் என்பது மீன்களிடத்திலும் உண்மை போலும்! தங்கமீன் குளிர் நீர் விரும்பி, அழுக்கும் அதிகம் விடும். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிறார்களே, அது விரல் நீளத்தில் வந்து ஓரடிக்கும் மேல் வளரும்.

இன்னொரு ஆண் ஃபைட்டரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒன்று சாகும் வரையிலோ, இரண்டும் குற்றுயிராகும் வரையிலோ சண்டை ஓயாது. பெண் மீனையும் நிரந்தரமாக ஆணோடு விட முடியாது. முட்டையிட்ட பின் கூட்டைக் காக்கும் ஆண் அவளை விரட்டிக் கடிக்கும். சில பையன்கள் வேடிக்கைக்காகவே இரண்டு ஆண்களை ஒரே கிண்ணத்தில் விடுகிறார்கள்; அதற்குப் பந்தயமும் கட்டுகிறார்கள். பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. பந்தயம் சூதாட்டம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. “மீன்தானே” என்று உங்கள் வீட்டில் யாரும் இதை இலேசாக எடுக்க விடாதீர்கள்.

துணை மீன்களை வாங்கி வந்ததும் நேரே தொட்டியில் கொட்டக் கூடாது. இரண்டு வாரம் வேறு பாத்திரத்தில் வைத்து நோய் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் நீரென்றால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். சேர்க்கும் நாளில் ஃபைட்டரைச் சற்று வெளியே எடுத்து, புதியவற்றை முதலில் விட்டு, செடிகளையும் கற்களையும் இடம் மாற்றி வைத்து, கடைசியில் ஃபைட்டரை விடுங்கள். பழைய எல்லை குலைந்திருப்பதால் அதன் வீறாப்புக் குறையும். முதல் நாள் முழுவதும் ஒரு கண் அதன்மீது இருக்கட்டும். செவுளை விரித்து ஒரே மீனைத் துரத்திக்கொண்டிருந்தாலோ, ஒன்று மூலையில் ஒடுங்கித் தீனி எடுக்காமல் கிடந்தாலோ, துடுப்பு கிழிந்திருந்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். அதற்காக ஒரு வெற்றுத் தொட்டி முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். சில ஃபைட்டர்கள் யாரையுமே ஏற்காது. அதை மாற்ற முயல்வது வீண்.

பிரித்தெடுத்த மீனை என்ன செய்வது என்ற கேள்வி அப்போது எழும். அடுத்த பயணத்தில் ரிவர்ஸ்டன் ஓடையில் விட்டுவிடலாம் என்று வாப்பாமார் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். வீட்டுத் தொட்டிகளிலிருந்து தப்பிய, அல்லது விடப்பட்ட ‘டேங்க் கிளீனர்’ இன்று நம் நாட்டு நீர்த்தேக்கங்களில் பெருகி மீனவர்களின் வலைகளில் சிக்கிக்கொண்டிருக்கிறது. தொட்டி மீனோடு தொட்டி நோயும் ஓடைக்குப் போகும். வாங்கிய கடையில் திருப்பிக் கேளுங்கள். பல கடைக்காரர்கள் பணம் தராவிட்டாலும் மீனை ஏற்றுக்கொள்வார்கள். இல்லையேல் மீன் வளர்க்கும் அயல் வீட்டாரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது அந்த மீனின் குணத்தையும் சொல்லிக் கொடுங்கள்.